கிளோ இன்ஜின் விமானத்தில் எண்ணெய்ப் பிசுக்கு: கடலோரத்தில் எதை வைத்து, எந்த வரிசையில் துடைப்பது?

மண்டபம்_டிரெய்னர்

என்னிடம் இருப்பது ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானம்: 46 அளவு (0.46 கன அங்குலம்) டூ ஸ்ட்ரோக் கிளோ இன்ஜின் (மெத்தனாலில் ஓடும் சின்ன இன்ஜின்) போட்ட, ஓட்டிப் பழகுவதற்கான மேல்சிறகு டிரெய்னர். பால்சா உடம்பு, மேலே இஸ்திரி போட்டு ஒட்டிய பாலியெஸ்டர் ஃபிலிம். எரிபொருள் 80க்கு 20: மெத்தனால் 80, விளக்கெண்ணெய் 20, நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) இல்லை. பறக்கவிடுவது தென்கடல் ஓரம். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மணலும் சேர்ந்து பறக்கும்.

பாத்திரம் துலக்கும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் அப்போதைக்குப் பளிச்சென்று இருக்கிறது. மறுநாள் தொட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் வெள்ளையாக ஒரு படிவு. மஃப்ளர் (சைலென்சர்) காபி நிறத்துக்குப் போய்விட்டது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஃபயர்வாலுக்கு (இன்ஜினைத் தாங்கும் முன்பலகை) பின்னால் மரம் கறுத்திருக்கிறது. மூன்றுக்கும் ஒரே மருந்து உண்டா, தனித்தனியா?

நீடில்வால்வு

தனித்தனி. மூன்றும் ஒரே எண்ணெய்தான், ஆனால் மூன்று நிலையில் இருக்கிறது. ஃபிலிம்மேல் இருப்பது எரியாத பச்சை எண்ணெய். மஃப்ளரில் இருப்பது சூட்டில் வெந்து வார்னிஷ் ஆனது. மரத்தில் இருப்பது உள்ளே ஊறியது. இப்போதைக்கு ஃபிலிமை மட்டும் பேசுகிறேன்.

முதலில் கணக்கு. 46 இன்ஜின் ஒரு பறத்தலுக்கு 200 முதல் 250 மி.லி. வரை குடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். இந்த எண்ணெய் எரிவதற்காகப் போட்டது இல்லை, மசகுக்காகப் போட்டது. அதனால் அநேகமாக அவ்வளவும் மஃப்ளர் வழியே வெளியே வந்தாக வேண்டும். ஒரு பறத்தலுக்கு 40, 50 மி.லி., அதாவது பாதி டீ கிளாஸ். அதில் ஒரு பகுதி காற்றில் போகும், மீதி உடம்பின் ஒரு பக்கத்திலும் சிறகின் அடியிலும் வாலிலும் உட்காரும். இதைச் சோப்பு மட்டும் போட்டு எடுக்கப் பார்த்தால் மேல் படலம் போகும். ஓரத் தையலிலும் கீல் இடுக்கிலும் நிற்பது ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ந்து வெளியே வரும். மறுநாள் பிசுபிசுப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். மறுபாதி, சோப்பை அளவுக்கு மேல் போட்டு அலசாமல் விட்டது.

கலவை: 500 மி.லி. ஸ்பிரே பாட்டிலில் நல்ல தண்ணீர் 350, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 150, பாத்திர லிக்விட் ஐந்தாறு சொட்டு. சொட்டுதான், மூடியளவு இல்லை. எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையிலும் ஆய்வகக் கெமிக்கல் கடையிலும் ஐ.பி.ஏ. கிடைக்கும். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டும் வேலை செய்யும்.

இன்ஜின் தொடக்கூடிய சூட்டுக்கு வரும் வரை பாட்டிலை எடுக்காதீர்கள். 30 சதவீதம் ஆல்கஹால் கலந்த தண்ணீரும் நம் ஊர் வெயிலில் ஆவியாகித் தீப்பிடிக்கக்கூடியதுதான்.

துணியில் அடித்துத் துடைப்பதைவிட ஃபிலிம்மேல் அடித்து 20 நொடி விட்டுத் துடைப்பது மேல். ஆனால் ஃபிலிம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களிலும் கீல்களிலும் மட்டும் நேரே அடிக்கக் கூடாது. அங்கே ஆல்கஹால் தேங்கினால் பசைக்குள் இறங்கி ஓரம் கிளம்பும். அந்த இடங்களுக்குத் துணியை நனைத்து ஒற்றி எடுங்கள். துடைக்கும் வரிசையும் முக்கியம்: எண்ணெய் குறைந்த இடத்தில் தொடங்கி அதிகம் உள்ள இடத்தில் முடியுங்கள். சிறகின் மேல்புறம், உடம்பின் சுத்தமான பக்கம், வால், கடைசியில் மஃப்ளர் பக்கம். தலைகீழாகச் செய்தால் எண்ணெயை விமானம் முழுக்கப் பூசி முடிப்பீர்கள்.

தொண்டி_அவுட்போர்டு

எதற்கு இவ்வளவு செலவு? நம்ம பக்கம் வல்லத்து (மீன்பிடிப் படகு) இன்ஜினைப் பூராவும் மண்ணெண்ணெயில்தானே கழுவுகிறார்கள். ஒரு பிரஷ், ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய், முடிந்தது வேலை.

கீழக்கரை_கிளோ

தம்பி, வல்லத்து இன்ஜினில் ஓடுவது மினரல் ஆயில். மண்ணெண்ணெயும் அதே வர்க்கம், அதனால் கரைக்கும். இங்கே கேள்வி விளக்கெண்ணெய் பற்றியது. அது ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், மண்ணெண்ணெயோடு ஒழுங்காகச் சேராது. மெத்தனால் எரிபொருளுக்கு விளக்கெண்ணெய் ஒத்துப்போவதற்கே அதுதான் காரணம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் இளகும், பாதி இடம்மாறும், மேலே மண்ணெண்ணெயின் எண்ணெய்ப்பசை தனியாக நிற்கும். அது காய்வதற்குள் மணல் ஒட்டும்.

அதைவிடப் பெரிய கெடுதல், மண்ணெண்ணெய் ஃபிலிம் ஓரத்தில் இறங்கினால் பிறகு அந்த மரத்தில் எபாக்ஸியும் பிடிக்காது, ஃபிலிம் பசையும் பிடிக்காது. இன்ஜினைக் கழற்றித் தனியாக வைத்து, மினரல் ஆயில் அழுக்கை எடுக்க என்றால் மண்ணெண்ணெய் சரி. விமானத்தின்மேல் வேண்டாம்.

சிந்தெடிக் ஆயில் எரிபொருளானால் வேலை இன்னும் எளிது. கிளோ எரிபொருளில் போடும் பெரும்பாலான சிந்தெடிக் வகை சோப்புத் தண்ணீருக்கே இறங்கிவிடும். விளக்கெண்ணெயும் சிந்தெடிக்கும் கலந்ததென்றால் விளக்கெண்ணெய்க்கு உள்ள முறையைப் பின்பற்றுங்கள்.

வாடைக்காற்று

மேலே சொன்னதெல்லாம் மதுரைக்கும் பொருந்தும், கோவைக்கும் பொருந்தும். நம் கரைக்கு என்று இரண்டு விஷயம் இருக்கிறது: உப்பு, மணல். கேள்வியில் சொன்ன வெள்ளைப் படிவுக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

உப்பு தண்ணீரில் கரையும், ஐ.பி.ஏ.வில் கரையாது. எண்ணெயும் உப்பும் சேர்ந்து படிந்த இடத்தில் சுத்தமான ஆல்கஹாலால் துடைத்தால் எண்ணெய் போய் உப்பு நிற்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடு உண்டு, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனாலும்தான் காலையில் பிசுபிசுப்பு, வெயில் ஏறியதும் வெள்ளைத் தூள். ஆல்கஹால் மட்டும், சோப்பு மட்டும் இரண்டுமே இங்கே அரைகுறை. தண்ணீர் அதிகமும் ஆல்கஹால் குறைவுமாக நீடில்வால்வு சொன்ன விகிதம் சரி. ஆனால் அதற்கு முன்னால் வெறும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை ஒற்ற வேண்டும்.

இன்னொன்று, நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் எத்தனை கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்? போர் தண்ணீரில் துடைத்தால் உப்பை எடுத்து உப்பை வைப்பதுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. கேன் தண்ணீர் அதைவிட நல்லது. ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கடைசித் துடைப்புக்கு அதற்கு நிகரில்லை, அதில் உப்பே இருக்காது. ஒரு விமானத்துக்கு மொத்தம் அரை லிட்டர் போதும்.

மணல்: எண்ணெயில் ஒட்டிய மணலோடு துணியை இழுத்தால் ஃபிலிம் முழுக்கக் கோடு விழும். கேனபியில் (விமானி அறையின் கண்ணாடி போன்ற மூடி) விழுந்தால் திருத்தவே முடியாது. முதலில் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் உதிர்க்கிற மணலை உதிர்த்துவிட்டு, ஒட்டியதைத் தண்ணீர் அடித்து மிதக்கவிட்டு, ஒற்றி எடுங்கள். துணி விஷயத்தில் நான் பழைய வேட்டி கட்சி. மைக்ரோஃபைபர் எண்ணெயை நன்றாகக் குடிக்கும், மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்; துவைத்தாலும் முழுக்க விடாது. வேட்டித் துணியைக் கிழித்துப் பயன்படுத்தி எறிந்துவிடலாம்.

மண்டபம்_டிரெய்னர்

இரண்டு சந்தேகம். ஐ.பி.ஏ. எதற்கு, கையில் இருக்கும் மெத்தனாலையே துணியில் தொட்டுத் துடைத்தால் என்ன? பூந்திக்கொட்டை, சீயக்காய் எண்ணெய் எடுக்கும் என்கிறார்களே, ஃபிலிமுக்கு ஆகுமா?

கீழக்கரை_கிளோ

மெத்தனால் கரைக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் தொடாதீர்கள். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் விஷம் அது. தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எரிபொருள் ஊற்றும்போதே நைட்ரைல் கையுறை போட வேண்டிய சாமானைத் துடைக்கும் திரவமாக்க வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததற்குப் பிறகு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைக்கவும் உரிமம் கேட்கும் விதிகள் இருக்கின்றன. பெயர் எழுதாத பாட்டிலில் மெத்தனால் வீட்டுக்குள் இருக்கவே கூடாது.

சீயக்காய்ப் பொடி வேண்டவே வேண்டாம், அது அரம் மாதிரி அராவும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் துணியில் வடிகட்டிய தண்ணீர் புது எண்ணெயை எடுக்கும், ஃபிலிமைக் கெடுக்காது. ஆனால் பிறகு நல்ல தண்ணீரில் துடைத்தாக வேண்டும். பாத்திர லிக்விட் ஐந்து சொட்டில் முடிகிற வேலைக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

நீடில்வால்வு

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதோடு, எதை எங்கே போடக் கூடாது என்பதையும் சேர்த்துவிடலாம்.

அசிட்டோன், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஃபிலிமுக்கு ஆகாது. நிறம் பல ஃபிலிம்களில் பசையோடு சேர்ந்தே இருக்கிறது, ஓரத்தில் அது கரைந்து வழியும். கேனபிக்கு ஆல்கஹாலும் வேண்டாம், அம்மோனியா சேர்ந்த கண்ணாடித் திரவமும் வேண்டாம். அக்ரிலிக், பாலிகார்பனேட் வகைகளில் மயிரிழை விரிசல் கிளம்பும், கண்ணாடி மங்கிவிடும். கேனபிக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். ஸ்டிக்கர், மார்க்கரில் எழுதிய எண் எல்லாம் ஐ.பி.ஏ.வில் கிளம்பும், சிறகு உட்காரும் இடத்தில் மறைவாக ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஸ்பிரே பெயின்ட் அடித்த கவுலிங்கையும் (இன்ஜினை மூடும் உறை) அப்படியே சோதிக்க வேண்டும்.

சாயல்குடி_பால்சா

மஃப்ளருக்கு வருகிறேன். அந்தக் காபி நிறம் அழுக்கு அல்ல, வெந்த விளக்கெண்ணெய். ஐ.பி.ஏ. அதைத் தொடக்கூட மாட்டாது. இதற்கு உலகம் முழுக்க மாடல் இன்ஜின்காரர்கள் பயன்படுத்துவது கார் ரேடியேட்டர் கூலன்ட். எத்திலீன் கிளைக்கால் உள்ள பச்சைக் கூலன்ட், தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்.

மஃப்ளரைக் கழற்றி, பிரஷர் குழாய், கேஸ்கெட், சிலிகான் நீட்சி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழைய ரைஸ் குக்கர் ஒன்றில் பொருள் மூழ்கும் அளவுக்குக் கூலன்ட் ஊற்றி, குக் நிலைக்குப் போகாமல் வார்ம் நிலையில் மட்டும் 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள். கொதிக்கக் கூடாது. மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில். எடுத்ததும் பல் பிரஷ்ஷால் தேய்த்தால் வார்னிஷ் தோலாக உரியும். பிடிவாதமான இடத்தில் பித்தளைக் கம்பி பிரஷ். இரும்புக் கம்பளி வேண்டாம், உதிர்ந்த இழை உள்ளே போனால் இன்ஜின் போச்சு.

அந்தக் குக்கர் அன்றோடு சமையலறையை விட்டு வெளியேறிவிட வேண்டும், திரும்பி வரக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய், பூனை, குழந்தை யார் குடித்தாலும் சிறுநீரகம் போகும், உயிரும் போகும். கூலன்டை ஊற்றி மூடி வைத்து அடுத்த முறைக்கும் பயன்படுத்தலாம்.

இன்ஜினையே இப்படிப் போடலாமா என்றால், போடலாம். கார்புரேட்டரைக் கழற்றி, ஓ-ரிங்குகளை எடுத்த பிறகு. நிறம் ஏற்றிய அனோடைஸ் பாகங்கள் இருந்தால் அவற்றையும் கழற்றுங்கள், நிறம் வெளுக்கும். எடுத்து வெந்நீரில் அலசியதும் அந்த நிமிடமே காற்றடித்துக் காயவைத்து, பேரிங்குக்கு எண்ணெய் விட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரமான பேரிங்கை ராத்திரி விட்டால் காலையில் செம்பழுப்பாக இருக்கும்.

தொண்டி_அவுட்போர்டு

மண்ணெண்ணெய் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், இன்ஜினோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் மஃப்ளருக்குக் காஸ்டிக் சோடா போதுமே? அரை மணியில் வெளுத்துவிடும்.

சாயல்குடி_பால்சா

வெளுக்கும், கூடவே மஃப்ளரும் கரையும் அண்ணே. மஃப்ளரும் கிராங்க்கேஸும் அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். நுரைத்து வருவது அழுக்கு இல்லை, உலோகம். அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேக்களிலும் பெரும்பாலும் அதே காரம்தான். சலவைச் சோடாவை வெந்நீரில் போட்டு ஊறவைப்பதும் அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். காரம் எதுவும் வேண்டாம்.

அது போக, மஃப்ளர் காபி நிறமாக இருப்பதால் இன்ஜினுக்குக் கேடு ஒன்றுமில்லை. உள்ளே அடைத்துக்கொண்டால்தான் பிரச்சினை. அழகுக்காக மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டியதில்லை. சிலிண்டர் தலையின் துடுப்புகளில் அப்பியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், சூடு வெளியேறாது.

பனைக்குளம்_கண்மாய்

துடைப்பதற்கு முன்னால் எண்ணெயின் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இதைச் சொல்லாமல் இழை போய்க்கொண்டிருக்கிறது. மஃப்ளர் வாயில் ஒரு வெள்ளை டிஷ்யூவை வைத்து ஒற்றிப் பாருங்கள்.

தேன் நிறம் அல்லது லேசான பழுப்பு: சரியாக ஓடுகிறது. சாம்பல், கறுப்பு: உள்ளே அலுமினியம் தேய்கிறது. புது இன்ஜின் பழகும் காலத்தில் கொஞ்சம் வரும்; பழகிய இன்ஜினில் திடீரென்று வந்தால் நீடில் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) இறுகி எரிபொருள் குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது பேரிங் ஆட்டம் கொடுத்திருக்கிறது. செம்பழுப்பு, துருத்தூள்: பேரிங் துரு. பால் மாதிரி வெளுப்பு: தண்ணீர் கலந்திருக்கிறது, எரிபொருள் கேன் மூடி சரியில்லை. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கடற்கரையில் கேட்கவே வேண்டாம்.

எண்ணெயே குறைவாகத் தெரிகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். மஃப்ளரில் தொடர்ந்து புகைக்கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நீடிலை இரண்டு மூன்று கிளிக் திறந்துவிடுங்கள்.

மண்டபம்_டிரெய்னர்

அப்படியானால் எரிபொருளில் எண்ணெயை 20லிருந்து 12க்குக் குறைத்தால் பிசுக்கும் குறையுமே?

பனைக்குளம்_கண்மாய்

பிசுக்கு ஐந்தில் இரண்டு பங்கு குறையும். இன்ஜின் ஆயுள் அதைவிட வேகமாகக் குறையும். உங்கள் இன்ஜின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குக் கீழே போகாதீர்கள். பால் பேரிங் இல்லாத பழைய வெண்கல புஷ் வகை இன்ஜினென்றால் 20ஐத் தொடவே வேண்டாம். விளக்கெண்ணெயில் பாதியைச் சிந்தெடிக்காக மாற்றினால் வார்னிஷ் குறையும், துடைப்பதும் எளிது, அதற்குமேல் சமரசம் இல்லை.

குறைக்க வேண்டியது எண்ணெயை அல்ல, அது விழும் இடத்தை. மஃப்ளர் வாயில் சிலிகான் நீட்சிக் குழாய் மாட்டி, உடம்பைவிட்டு வெளியேயும் கீழேயும் திருப்புங்கள். உள்விட்டம் மஃப்ளர் வாய்க்குச் சமமாக இருக்க வேண்டும், குறுகினால் பின்னழுத்தம் கூடி இன்ஜின் சூடேறும். கேபிள் டை போட்டு இறுக்குங்கள். இது ஒன்றே பாதிக்குமேல் வேலையை மிச்சப்படுத்தும். ரேடியோ ரிசீவர் சுவிட்ச் மஃப்ளர் பக்கம் இருந்தால் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். எண்ணெயும் உப்பும் சேர்ந்து சுவிட்சுக்குள் போனால் துடைக்கிற வேலை இருக்காது, விமானமே இருக்காது.

சாயல்குடி_பால்சா

ஃபயர்வாலுக்குப் பின்னால் கறுத்த மரம். இந்த மூன்றில் அவசரம் இதற்குத்தான், இன்ஜின் மவுன்ட்டைத் தாங்குவது அந்தப் பலகை.

டேங்கை வெளியே எடுங்கள். மரத்தை நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கினால் சுத்தம் செய்து பயனில்லை, அந்தத் துண்டை வெட்டிப் புதிது போட வேண்டும். கெட்டியாக இருந்தால் எண்ணெயை உறிஞ்சி எடுக்கலாம். நாட்டு மருந்துக்கடையில் முல்தானி மெட்டி வாங்கி, ஐ.பி.ஏ. விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து 3 மி.மீ. கனத்துக்கு அப்புங்கள். ஆல்கஹால் உள்ளே இறங்கி எண்ணெயைக் கரைக்கும்; காயும்போது மண் அதை வெளியே இழுக்கும். முழுக்கக் காய்ந்து நிறம் வெளுத்ததும் பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டுத் திரும்ப அப்புங்கள். மண்ணில் மஞ்சள் கறை வருவது நிற்கும் வரை, மூன்று நான்கு முறை ஆகும். நடுவில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் ஆழத்தில் இருப்பது மேலே வரும். ஆனால் மண் ஈரமாக இருக்கும்போது டிரையரை எடுக்காதீர்கள், ஆல்கஹால் ஆவி பற்றும்.

எடுத்தாயிற்றா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மரம் குடித்தால் சுத்தம். முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மேலே எதைப் பூசினாலும் உரியும்.

பிறகு 150 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசி தட்டி, 30 நிமிட எபாக்ஸியைப் பூசுங்கள். ஆல்கஹால் விட்டு இளக்குவார்கள். அதைவிடப் பூசிய எபாக்ஸிமேல் டிரையர் காட்டி நீர்க்கச் செய்வது நல்லது, வலு குறையாது. மெல்லியதாக இரண்டு பூச்சு. மவுன்ட் போல்ட் துளை, திராட்டில் கம்பித் துளை, எரிபொருள் குழாய்த் துளை மூன்றின் உள்சுவரிலும் காது குச்சியால் எபாக்ஸி தடவுங்கள். மரத்துக்குள் எண்ணெய் போகும் வாசல் அந்தத் துளைகள்தான். குழாயைச் சுற்றிச் சிலிகான் சீலன்ட் வைப்பதானால் காடி வாசனை அடிக்காத நியூட்ரல் வகை பாருங்கள். காடி வாசனை வகை காயும்போது அமிலம் விடும், பக்கத்தில் உள்ள உலோகம் அரிக்கும்.

ஏர்வாடி_20சிசி

பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி சொல்லுங்கள். 20 சிசி, 32க்கு 1 கலவை.

நீடில்வால்வு

எண்ணெய் 3 சதவீதம்தான், அதனால் பிசுக்கு கிளோவில் வருவதில் சிறு பங்குதான். ஆனால் கரியோடு சேர்ந்து கறுப்பாக இருக்கும். ஃபிலிமுக்கு அதே சோப்பு, ஐ.பி.ஏ. கலவை போதும், சோப்பை இன்னும் சில சொட்டு கூட்டலாம். மஃப்ளர், சிலிண்டர் வெளிப்புறத்துக்கு மண்ணெண்ணெய் இங்கே பொருந்தும். ஒரே எச்சரிக்கை: தெர்மோகோல் சிறகு என்றால் பெட்ரோல் நனைத்த துணி பக்கத்திலேயே வரக் கூடாது, ஃபிலிம் ஓட்டை வழியே ஒரு சொட்டு இறங்கினாலும் உள்ளே குழி விழும். சிலிகான் குழாயும் பெட்ரோலில் ஊதிவிடும், டைகான் வகைதான்.

வாடைக்காற்று

வெளியே பேசியது போதும், உள்ளே ஒரு வார்த்தை. கடைசிப் பறத்தல் முடிந்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். டேங்கைக் காலி செய்யுங்கள். பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் ஐந்து முதல் பத்துச் சொட்டு ஆஃப்டர்-ரன் எண்ணெய் விட்டு, புரொப்பெல்லரைப் பத்துப் பதினைந்து சுற்று கையால் சுற்றுங்கள். பிளக் கம்பி எடுத்த பிறகுதான் சுற்றுவது. அந்த எண்ணெய்க்கு ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் போதும். பம்ப், ரெகுலேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் மட்டும் இது கூடாது, உள்ளே உள்ள சிலிகான் ரப்பர் சவ்வு பெட்ரோலிய எண்ணெயில் கெடும். தயாரிப்பாளர் சொன்னதைப் போடுங்கள்.

விளக்கெண்ணெய்ப் படலம் துருவைத் தடுக்கும், சிந்தெடிக் அந்த அளவுக்குத் தடுக்காது. நைட்ரோ உள்ள எரிபொருளானால் எரிந்த பிறகு அமில மிச்சம் இருக்கும், அதற்கு ஈரமும் சேர்ந்தால் பின்பக்கப் பேரிங் முதலில் போகும். ஆகவே கடலோரத்தில் இன்ஜின் வெளிப்புறத்தைப் பளபளவென்று எண்ணெயே இல்லாமல் துடைப்பது நல்லதல்ல. போல்ட், கிளெவிஸ், புஷ்ராட் முனை, சக்கர அச்சு எல்லாவற்றிலும் துடைத்த பிறகு மெல்லிய எண்ணெய் தொட்டு வையுங்கள். ஃபிலிம் வறண்டிருக்கட்டும், எஃகு வறண்டிருக்க வேண்டாம்.

துடைக்கும்போது பிளக்கைக் கழற்றாதீர்கள். மஃப்ளர் வாயிலும் கார்புரேட்டர் வாயிலும் துணி அடைத்துவிட்டு ஸ்பிரே அடியுங்கள். அடைத்த துணியின் வால் வெளியே தொங்கட்டும், மறந்து ஸ்டார்ட் பண்ணாமல் இருக்க.

கீழக்கரை_கிளோ

கழிவு பற்றி ஒன்று. துடைத்த தண்ணீரைக் கரையில் ஊற்றிவிட்டு வராதீர்கள். நமக்கு முன்னால் இருப்பது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 1986இல் அறிவித்தது, 21 தீவுகள், பவளப்பாறை. முதலில் காய்ந்த காகிதத்தால் ஒற்றி எண்ணெயின் பெரும்பங்கை எடுத்துவிட்டால் ஸ்பிரேயும் குறைவாகச் செலவாகும், வழியும் தண்ணீரும் இருக்காது. செய்தித்தாளில் மை ஒட்டும், டிஷ்யூ ரோல் எடுங்கள். மூடி போட்ட தகர டப்பாவில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து போடுங்கள். பாதி எரிபொருள் நனைந்த துணியை வெயிலில் கார் டிக்கியில் வைக்க வேண்டாம்.

உச்சிப்புளிப் பக்கம் கடற்படையின் பருந்து தளம் இருப்பதும் நினைவிருக்கட்டும். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல் அந்தப் பக்கம் டேங்கை நிரப்பவே வேண்டாம்.

மண்டபம்_டிரெய்னர்

சிறகைக் கட்டும் ரப்பர் பேண்டுகள் எண்ணெயில் வழுக்குகின்றன. கழுவிப் பயன்படுத்தலாமா, எறிந்துவிடவா?

பனைக்குளம்_கண்மாய்

கழுவலாம். சோப்புத் தண்ணீரில் அலசி, ஐ.பி.ஏ. வேண்டாம், நிழலில் காயவைத்து, டால்கம் பவுடர் போட்ட டப்பாவில் குலுக்கி எடுங்கள். வெயில் ரப்பரைக் கொல்லும். ஒவ்வொன்றையும் இரு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் கீறல் தெரிந்தால், அல்லது விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் குப்பைக்கு. 46 டிரெய்னருக்கு 10 முதல் 12 பேண்ட், கடைசி இரண்டு குறுக்காக. சிறகு உட்காரும் இடத்தில் ஒட்டிய நுரை டேப் எண்ணெயில் ஊறியிருக்கும், அதைக் கழுவ முடியாது. பிய்த்துவிட்டு, அடியில் ஐ.பி.ஏ. போட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு புது டேப் ஒட்டுங்கள்.